வாயில் ஊறும் மருந்து

மாந்தர் பசிக்காக மட்டுமன்றிப் பொழுதுபோக்கிற்காகவும் பல பொருள்களை மென்று வந்துள்ளனர். பின்லாந்து நாட்டில் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊர் ஒன்றை அகழ்ந்தபோது, பிர்ச்சு மரப்பட்டையைச் சுட்டு எடுத்த கீலின் சிறு கட்டி ஒன்று கிடைத்தது. அதில் மென்றவர் பற்குறி பதிந்திருந்தது. மெக்சிகோவில் மாயர் சப்போட்டா மரத்தின் பாலை இறுகச் செய்து மென்றனர். 19ஆம் நூற்றாண்டில் அப்பாலுடன் சர்க்கரையும் நறுமணமும் சேர்த்து அமெரிக்க வணிகர் விற்கலாயினர். சூயிங்கம் உலகெங்கும் பரவியது.

இதனை மெல்லுதல் பல்லுக்கு நன்றா, தீதா?

பல்லை மூடியுள்ள எனாமலைவிடக் கடினமான பொருள் மனித உடலில் வேறில்லை. ஆயினும் அமிலத்திற்கு அது தோற்றுவிடும். பல்லின்மேல் படியும் அழுக்கில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் எனாமலின் சுண்ணாம்புச் சத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்க, நாளடைவில் பல்லில் குழி விழுகிறது. அதுவே சொத்தை. பால்பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். நிலைப்பல் கெட்டால் மற்றொன்று முளைப்பதில்லை.

இப்பகையைத் தடுக்க இயற்கை அமைத்த காவலன் உமிழ்நீர். அஃது உணவுத் துணுக்குகளைக் கழுவுகிறது. அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. கரைந்த சத்தை எனாமலுக்கு மீண்டும் ஊட்டுகிறது. மெல்லுந்தோறும் அது பெருகும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்னும் பழமொழி பல்லுக்கும் பொருந்துவதே.

எனவே, சர்க்கரை கலந்த சூயிங்கத்தை மெல்லுதல், காவலனை ஒரு கையால் அழைத்து, மறு கையால் பகைவனுக்கு விருந்து வைப்பதை ஒக்கும். விருந்தை நீக்கிக் காவலனை மட்டும் அழைக்க இயலாதா?

இவ்வினாவிற்கு விடை தந்ததும் பின்லாந்தே. 1970களில் அந்நாட்டின் துர்க்கு நகரில் ஷெய்னின், மாக்கினென் என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வு நடத்தினர். ஏறத்தாழ நூறு பேரில் ஒரு சாரார் சர்க்கரை கலந்த சூயிங்கத்தையும், மறுசாரார் சைலிட்டால் கலந்ததையும் ஓராண்டு மென்றனர். சைலிட்டால் பிர்ச்சு மரத்திலிருந்தும் எடுக்கப்படும் இனிப்புப் பொருள். நுண்ணுயிர்கள் அதனை அமிலமாக்க இயலாது. ஆண்டின் முடிவில் முதல் சாராரிடம் சொத்தை பெருகியிருந்தது, மறுசாராரிடம் பெருகவில்லை.

சிங்கப்பூர் அரசு தூய்மை கருதி 1992இல் சூயிங்கம் விற்பனையைத் தடை செய்தது. எனினும், பல்நலத்திற்கு உதவும் சர்க்கரையற்ற வகையை மருந்துக்கடைகளில் விற்க 2004இல் இசைவளித்தது. ஒரே பொருள், சேர்க்கையால் இருவேறு மதிப்பைப் பெற்றது.

உணவுக்குப்பின் இருபது நிமிடம் சர்க்கரையற்ற சூயிங்கம் மெல்லுதல் நன்று என்பர் பல் மருத்துவர். ஆயினும், ஓயாது மென்றால் தாடை நோவும். சைலிட்டால் மிகுந்தால் வயிறு இளகும். காலையும் இரவும் பல் துலக்கும் கடமையைச் சூயிங்கம் ஏற்காது. பல்லின் மெய்யான மருந்து கடையில் இல்லை; ஒவ்வொருவர் வாயிலும் ஊறுகிறது. அதன் பணியைச் சர்க்கரையால் கெடுக்காதிருத்தலே அறிவுடைமை.