ஏழு ஒயரில் எது முக்கியம்?

நண்பர்களே, கன்டெய்னர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள் யாராவது தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். போன மழைக்காலத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பைக்கில் வந்தவன், முன்னால் போன டிரெய்லரின் பின்பக்கத்தில் மோதிவிட்டான். "பிரேக் லைட்டே எரியல சார்" என்கிறான். உயிர் பிழைத்தான். காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனால் சும்மா இருக்க முடியுமா? டிரெய்லர் ஒயரிங் வேலை செய்யும் என் பழைய மாணவரின் கடையில் போய் உட்கார்ந்தேன். "பல்பு நல்லாத்தான் இருக்கும் சார். பிளக்கைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றார்.

இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லருக்கு ஒரு சுருள் ஒயர் போகும். அதன் நுனியில் ஏழு பின் பிளக். இன்டிகேட்டர் இரண்டு, டெயில் லைட் இரண்டு, பிரேக் ஒன்று, எர்த் ஒன்று, வேறு தேவைக்கு ஒன்று. இதில் எது முக்கியம்?

பிரேக் என்றுதான் பலரும் சொல்வீர்கள். எர்த் என்பதே சரி. மற்ற ஒயர்களில் அதனதன் விளக்குக்கான கரண்ட் மட்டும் போகிறது. அத்தனையும் திரும்பி வருவது எர்த் ஒயர் ஒன்றில்தான்.

சின்னக் கணக்கு. 12 வோல்ட் வண்டி, எரியும் விளக்குகள் மொத்தம் 72 வாட். கரண்ட் 6 ஆம்பியர், விளக்குகளின் மின்தடை 2 ஓம். எர்த் பின்னில் பச்சை பூத்து அரை ஓம் கூடினால் விளக்குக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்தான். வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், சாதாரண பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எர்த் முழுதாக அறுந்தால் கரண்ட் மற்ற பல்புகள் வழியே சுற்றப் பார்க்கும். இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். அப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

"இரும்புச் சட்டம் வழியா எர்த் போயிடாதா?" என்று கேட்டேன். "இணைப்புல கிரீஸ் தடவி வச்சிருக்கோம், வண்டி திரும்பத் திரும்ப அது அசையுது. அதை நம்ப முடியாது சார்" என்றார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. கார்களுக்கு 12 வோல்ட், பெரிய லாரிகள் பலவற்றுக்கு 24. இரண்டுக்கும் ஏழு பின் பிளக் உண்டு. ஆனால் எந்தப் பின்னுக்கு எந்த ஒயர் என்ற வரிசை வேறு. பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றிப் போடாதீர்கள்.

2. ஸ்பிரிங் மூடியும் ரப்பர் வளையமும் இருக்கட்டும். நம் ஊர் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அவை அவசியம்.

3. எர்த் ஒயர் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம்.

அமெரிக்காவில் வீட்டு வண்டிக்குப் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அங்கே பரவலாக உள்ள நாலு ஒயர் பிளக்கில் பிரேக்குக்கும் இன்டிகேட்டருக்கும் ஒரே ஒயர். நமக்கோ இரண்டும் தனித்தனி. அங்கே உள்ள பிள்ளைகள் வாங்கி அனுப்பினால் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த நாலிலும் ஒன்று எர்த்தான்.

புறப்படும் முன் கிளீனர் பின்னால் நிற்கட்டும், டிரைவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஒரு நிமிஷ வேலை. பின்னால் வருகிறவனுக்கு அந்தச் சிவப்பு விளக்கை விட்டால் வேறு எச்சரிக்கை இல்லை.