அந்தகாரத்தின் தம்பி பிளாஸ்டிக்

பேர் வைக்கிறது லேசுப்பட்ட காரியமில்லைங்க. நம்ம வீட்டுல ஒரு குழந்தை பிறந்தா நட்சத்திரம், முதல் எழுத்து, தாத்தா பேரு, நியூமராலஜின்னு எத்தனை பஞ்சாயத்து! அந்தக் குழந்தைக்காவது பெரியவனானதும் கெஜட்ல மாத்திக்கிற வசதி இருக்கு. நான் சொல்லப்போற ஜீவனுக்கு அதுவும் கிடையாது.

பசிபிக் கடல்ல மரியானா அகழி. 2014ல அங்க 6010 மீட்டர்லேர்ந்து 6949 மீட்டர் வரைக்கும் இரை வெச்ச பொறிகளை இறக்கினாங்க. ஊட்டி தொட்டபெட்டாவை ரெண்டு தடவை அடுக்கி வெச்சாலும் கடல்மட்டத்தை எட்டாத ஆழம். வெளிச்சம் சுத்தமா கிடையாது. அழுத்தம் இங்க நாம அனுபவிக்கிறதைப்போல அறுநூறு, எழுநூறு மடங்கு. அங்கேயும் சாப்பாட்டு வாசனை அடிச்சதும் ஒரு கூட்டம் ஓடி வந்துச்சு. ஆம்ஃபிபாட்னு சொல்ற ஓட்டுடலி வகை. கடற்கரையில ஒதுங்கிக் கிடக்கிற பாசியைப் புரட்டினா துள்ளி ஓடுமே சின்னச் சின்னதா, அதுங்களோட தூரத்து சொந்தம். இறாலை ரெண்டு பக்கமும் லேசா நசுக்கி, முதுகு ஓட்டைக் கழட்டிட்டா எப்படி இருக்குமோ அப்படி.

அதுல ஒரு வகை இதுவரைக்கும் யாரும் பேர் வைக்காததுன்னு தெரிஞ்சுது. இங்கிலாந்துல நியூகாசில் பல்கலைக்கழகத்து ஜோஹன்னா வெஸ்டன், ஆலன் ஜேமிசன் குழு அதை விவரிச்சு 2020 மார்ச்ல ஸூடாக்ஸா இதழ்ல வெளியிட்டாங்க. வெச்ச பேர் யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ். ஏன்னா அதோட குடலோட பின்பகுதியில ஒரு நுண்ணிழை இருந்துச்சு. சோதிச்சுப் பார்த்தா தண்ணி பாட்டிலும் பாலியெஸ்டர் துணியும் செய்ற 'பெட்' பிளாஸ்டிக்கோட 83.74 சதவீதம் ஒத்துப்போகுதாம். 'பிளாஸ்டிக்கேதான்'னு அடிச்சு விடாம 83.74ன்னு நிறுத்திக்கிட்டாங்க பாருங்க, அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. (நம்ம டிவி சேனலா இருந்தா 'அதிர்ச்சித் தகவல்'னு ஓட்டியிருப்பாங்க.)

பொறி இறங்கினது 2014, பேர் வந்தது 2020. நடுவுல ஆறு வருஷம் என்னதான் பண்ணாங்கன்னு நிறைய பேருக்குத் தோணும். எனக்குத் தோணலை. காரணம் இருக்கு.

நான் படிச்சது பி.எஸ்ஸி விலங்கியல். (இப்ப பார்க்கிறது இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைங்கிறது வேற கதை.) விலங்கியல் படிச்ச யாரைக் கேட்டாலும் இறால் இணையுறுப்பு பிராக்டிகலை மறந்திருக்க மாட்டாங்க. ஒரு இறாலைக் கையில குடுத்து, ஃபோர்செப்ஸால ஒவ்வொரு உறுப்பா அடியோட பிடுங்கி, வரிசை மாறாம சார்ட்ல ஒட்டணும். தலையில அஞ்சு ஜோடி, மார்புல எட்டு, வயித்துல ஆறு. மொத்தம் பத்தொம்பது ஜோடி. தாடைகிட்ட இருக்கிற சின்ன உறுப்புங்க மூச்சு விட்டா பறந்துடும். ஃபேனைப் போட விடமாட்டாங்க. மத்தியானம் லேப் முடிஞ்சு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா கையில இன்னும் அந்த வாடை.

புது இனத்தை விவரிக்கிறதும் கிட்டத்தட்ட அதேதான். மைக்ராஸ்கோப் அடியில ஒரு ஜோடியா கழட்டி, வரைஞ்சு, எந்தக் கணு எவ்வளவு அகலம், எந்த ஓரத்துல எத்தனை முள், எத்தனை மயிர்னு எழுதணும். அதை ஏற்கனவே பேர் வாங்கின ஒவ்வொரு சொந்தக்காரனோடயும் ஒப்பிடணும். டி.என்.ஏ.வும் பார்க்கணும். ஒரு மாதிரியைத் 'மூல மாதிரி'ன்னு முத்திரை குத்தி அருங்காட்சியகத்துல வைக்கணும், நாளைக்கு ஒருத்தன் சந்தேகப்பட்டா எடுத்துப் பார்க்க. எண்ணிப் பார்த்தேன், ஆம்ஃபிபாட்டுக்கும் அதே பத்தொம்பது ஜோடி! கால் எது, நீந்துற துடுப்பு எதுங்கிற பங்கீடுதான் வேற. ஏழு கிலோமீட்டர் ஆழத்துல வாழ்றதும் மீன் மார்க்கெட்ல கூறு கட்டி விக்கிறதும் ஒரே கணக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை, நம்புங்க.

இந்த ஒப்பிடுற வேலை எவ்வளவு முக்கியம்னா, யூரிதீனஸ் கிரில்லஸ்னு ஒண்ணு 1822லயே பேர் வாங்கினது. உலகக் கடல் பூரா அது ஒரே இனம்னுதான் ரொம்ப நாளா நம்பிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மரபணுவைப் பார்த்தா, ஒரே பேருக்குள்ள பல இனங்கள் ஒளிஞ்சிருந்தது. அதுல ஒண்ணைப் பிரிச்சு 2015ல வெச்ச பேர் யூரிதீனஸ் அந்தகாரே. ஆமாங்க, நம்ம அந்தகாரமேதான்! நம்ம பிளாஸ்டிகஸ் உருவத்துல ரொம்ப ஒத்துப்போறதும் இந்த அந்தகாரத்தோடதான். அண்ணன் பேரு இருட்டு, தம்பி பேரு பிளாஸ்டிக். இடையில அஞ்சே வருஷம்.

எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு சார் இருந்தார். இழுவைமடியில வர்ற கழிவு மீன் குவியலைக் கிளறி, யாரும் வாங்காத சின்னச் சின்ன ஓட்டுடலிகளைப் பொறுக்கிட்டு வருவார். ஸ்பிரிட் பாட்டில்ல போட்டு உள்ளேயே பென்சில்ல எழுதின சீட்டை வைப்பார். 'மை கரைஞ்சுடும்டா, பென்சில் நிக்கும்'பார். சீட்டுல தேதி இருக்கும், இடம் இருக்கும், பேர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியா இருக்கும். 'ரிட்டயர் ஆனதும் உக்காந்து பார்க்கணும்'னு சொல்லிக்கிட்டே இருந்தார். ரிட்டயர் ஆன அடுத்த வருஷமே போயிட்டார். சில வருஷம் கழிச்சு நான் ஒரு சர்டிபிகேட் வாங்கப் போனப்போ அந்த ரூம்ல கம்ப்யூட்டர் லேப் இருந்துச்சு. பாட்டிலெல்லாம் எங்கன்னு கேட்டேன். அட்டெண்டர், 'அதெல்லாம் நாத்தம் தம்பி, கொட்டிட்டாங்க'ன்னார். அதுல புது இனம் இருந்திருக்கும்னு நான் சொல்ல வரலை. இருந்துச்சா இல்லையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.

பிளாஸ்டிகஸ் விஷயத்துக்கு வர்றேன். விலங்கியல் பேர் விதிப்படி, முறையா வெளியான பேரை 'பொருத்தமில்லை'ன்னு காரணம் காட்டி நீக்க முடியாது. வெச்சவங்களே நினைச்சாலும் முடியாது. ஒருவேளை நாளைக்கே உலகம் திருந்தி பிளாஸ்டிக்கை ஒழிச்சுட்டாலும் இந்தப் பேர் நிக்கும். தெரிஞ்சேதான் வெச்சாங்க, மாசு பத்திப் பேச வைக்கணும்னு. எனக்கு அதுல முழுசா சம்மதமில்லை. செஞ்சது நாம, பட்டப்பேர் அதுக்கா? ஆனா 2019ல இதே ஜேமிசன் குழு பசிபிக்கைச் சுத்தி ஆறு அகழிகள்ல 90 ஆம்ஃபிபாட்டுகளைச் சோதிச்சப்போ 72 சதவீதத்துக்கு மேல வயித்துல குறைஞ்சது ஒரு நுண்துகளாவது இருந்துச்சு. மரியானாவுல பார்த்த ஒண்ணுகூடத் தப்பலை. அப்போ இந்தப் பேர் ரொம்ப மிகைன்னும் சொல்ல வாய் வரலை.

அதே ஜோஹன்னா வெஸ்டன் சிலி நாட்டு ஆய்வாளர்களோட சேர்ந்து 2024ல இன்னொண்ணுக்குப் பேர் வெச்சாங்க. அட்டகாமா அகழி, 7902 மீட்டர். கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளம், வேட்டையாடி. கிடைச்சது மொத்தமே நாலு. பேர் டல்சிபெல்லா கமன்சாகா. கமன்சாகான்னா ஆண்டீஸ் மலை மக்கள் மொழியில இருட்டாம்.

இந்தத் தடவை மறுபடியும் இருட்டு. நிம்மதியா இருந்துச்சு :-)