14 கிலோமீட்டர் டீம் மீட்டிங்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கழுத்துல வலி, கண்ணுல எரிச்சல், பாஸ் அனுப்பின மெயிலை நினைச்சாலே வயித்துல கலக்கல்... உங்களுக்கும் இப்படித்தானா? அப்ப பையைத் தூக்குங்க. சென்னையில பஸ் ஏறினா, ராத்திரிக்குள்ள திருவண்ணாமலை!

எங்க டீம்ல ஏழு பேர் அப்படித்தான் கிளம்பினோம். பௌர்ணமின்னா கூட்டம் லட்சக்கணக்குல அலைமோதும். அதனால ஒரு சாதாரண சனிக்கிழமை விடிகாலை. 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டு, செருப்பை விட்டுட்டு, மலையை வலது கைப்பக்கம் வெச்சு நடக்க ஆரம்பிச்சோம். மொத்தம் 14 கிலோமீட்டர்.

இந்திர லிங்கம், அக்னி லிங்கம் வரைக்கும் டார்கெட், அப்ரைசல்னு ஆபீஸ் புராணம்தான். ரமணாசிரமம் தாண்டி எம லிங்கம் வந்தப்போ பேச்சு தானா அடங்கிடுச்சு. உள்ளங்கால்ல சின்னக் கல் குத்தும்போது மெயிலாவது, மண்ணாங்கட்டியாவது! டீம் லீடரும் வெறுங்கால், போன மாசம் சேர்ந்த பையனும் வெறுங்கால்.

ஆதி அண்ணாமலை கோயில் பக்கம் ஒரு டீ. மறுபடி நடக்க ஆரம்பிச்சதும், எப்பவும் ஜோக் அடிச்சு சிரிக்க வைக்கிற நண்பன் மெதுவா சொன்னான்... "மூணு மாசமா தூக்கமே இல்லடா. ஆபீஸ் கிளம்பணும்னாலே நெஞ்சு படபடங்குது."

தினம் ஒன்பது மணி நேரம் பக்கத்து சீட்டுல இருந்தும் எனக்குத் தெரியாத சேதி!

மீட்டிங் ரூம்ல முகத்துக்கு நேரா கேட்டா, 'சூப்பர்'னுதான் பதில் வரும். தோளோடு தோளா நடக்கும்போது யார் கண்ணையும் பார்க்க வேண்டாம். அடுத்த வார்த்தைக்கு அவசரமும் இல்லை. மனசு தானா திறக்குது.

மனச்சோர்வு, பதற்றம் ரெண்டாலயும் உலகம் முழுக்க வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. பெரியவங்க வாரம் 150 நிமிஷமாவது சுறுசுறுப்பான நடை மாதிரி மிதமான உடலுழைப்பு செய்யணும்னும் அதே நிறுவனம் சொல்லுது. நம்ம ஆயுஷ் அமைச்சகம், வேலைக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் யோகா பண்றதுக்காகவே 2021-ல 'ஒய் பிரேக்'னு ஒரு ஆப் வெளியிட்டுச்சு.

ஆனா, உடற்பயிற்சியையும் இன்னொரு டார்கெட் ஆக்கிட்டா கதை கந்தல்! எங்க ஆபீஸ்லயே ஒருதடவை 'யார் அதிக ஸ்டெப்ஸ்?'னு போட்டி வெச்சாங்க. வேலை முடிஞ்சப்புறம்தான் நடக்கணும். கடைசி இடம் வந்தவங்க பேரு போர்டுல! ரெண்டே வாரத்துல புட்டுக்கிச்சு.

குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் தாண்டி மறுபடி கோபுரம். கால் விண்விண்ணுனு தெறிச்சுது. திங்கட்கிழமை டீம் லீடர் ரெண்டு காரியம் பண்ணார். நாலு மணி மீட்டிங்கை, ஆபீஸைச் சுத்தி பதினஞ்சு நிமிஷ நடையா மாத்தினார். வேலை நேரத்துலயே, ரேங்க் கிடையாது. ராத்திரி போன் கால்களை நிறுத்தினார். நண்பன் டாக்டரைப் பார்த்தான். நடை நல்ல துணைதான். அதுக்காக, தலைக்கு மேல இருக்கிற வேலையை அது குறைச்சிடாது. மருத்துவத்துக்கு மாற்றும் ஆகாது. யார்கிட்டயாவது உடனே பேசணும்னா 14416... அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழ்லயே.

அருணாசலம் எங்கயும் போயிடாது, மெதுவா வரலாம். நாளைக்கு டீ டைம்ல பக்கத்து சீட்காரரைக் கூப்பிட்டு ஒரு ரவுண்டு நடங்க. எதுவும் கேட்க வேண்டாம். ரெண்டாவது நாளோ, பத்தாவது நாளோ... அவரே சொல்வார்!