காலதர்

சங்கரன்கோவிலில் நாம் வாழும் வீடு பழையது. மேற்குச் சுவரின் மரச் சன்னல்களைக் கறையான் அரித்துவிட்டது. நகர்த்தித் திறக்கும் அலுமினியக் கண்ணாடிச் சன்னல்களே நாகரிகம் என்கின்றனர் பிள்ளைகள். நமக்கு உடன்பாடில்லை.

நகரும் சன்னல் பாதியளவே திறக்கும். வெயில் கண்ணாடியை ஊடுருவி உட்புகும். சூடேறிய தரையும் சுவரும் உமிழும் வெப்பமோ அவ்வழியே எளிதில் வெளியேறாது.

‘ஜன்னல்’ போர்த்துக்கீசியர் தந்த சொல். பழந்தமிழர் ‘காலதர்’ என்றனர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காட்சிக்கன்று, காற்றுக்கே இட்ட பெயர்! அரபியின் ‘ஷுப்பாக்’ பின்னலைக் குறிக்கும் வேரிற் பிறந்தது. கெய்ரோவின் பழைய வீடுகளில் மரப்பின்னலாலான ‘மஷ்ரபிய்யா’ உண்டு. குடித்தலைக் குறிக்கும் வேரோடு அப்பெயரை இணைப்பர். தண்ணீர்க் கலங்களை அங்கு வைத்துக் குளிர்வித்தனராம். எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989) அதனைத் தம் கட்டடங்களில் மீண்டும் கையாண்டார். பின்னல் வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், தெருவின் பார்வையையும் மறைக்கும். தெருவுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திவிட்டு உச்சிப்பொழுதெல்லாம் உள்ளே புழுங்கும் நம் தாய்மாரை எவர் எண்ணுகின்றனர்?

குளிர்சாதனம் இருக்கிறதே என்கிறான் இளையவன். மின்சாரம் நின்ற இரவில் அவனே விடை காண்பான்.

தச்சரிடம் சொல்லிவிட்டோம்: தேக்கு நிலை, மேலும் கீழும் தனித்தனிக் கதவுகள், கீழ்க்கதவில் சாய்வுச் சட்டங்கள், வெளியே அகன்ற வெயில்மறைப்பு, உள்ளே கொசுவலை. செலவு கூடும்தான். ஆடிக்காற்று தொடங்குமுன் மேற்குச் சுவர் வேலை முடிய வேண்டும்.