வால்வின் ஆயுள்

ஒரகடத்தில் வாகன உதிரி பாகங்களின் ஆயுளைச் சோதிப்பது என் தொழில். தங்கை மகனுக்கு நுரையீரல் தமனி வால்வை மாற்ற வேண்டுமென்றபோதும் முதலில் ஆயுளைத்தான் கேட்டேன். மாட்டுத் திசு வால்வு பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகள் தாங்கும். வளரும் உடலிலோ சுண்ணம் விரைவில் படிந்து இறுகிவிடும் என்றார் மருத்துவர். இயந்திரத்தில் தேய்மானம் சுமையால் வருவது. இங்கு இளமையே வால்வை முதுமையாக்குகிறது.

உலோக வால்வு நீடிக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மருந்து வேண்டும். அழுத்தம் குறைந்த வலப்புற இதயத்தில் அந்த அபாயம் இன்னும் அதிகம்.

2000-இல் பாரிசில் பிலிப் பான்ஹோஃபர், மாட்டின் கழுத்துச் சிரை வால்வை ஒரு சிறுவனுக்கு மார்பைத் திறவாமலே, இரத்தக்குழாய் வழியே பொருத்தினார். பழுதான வால்வுக்குள் புதியதைச் செருகும் வழி அன்று பிறந்தது.

தங்கை திசு வால்வையே தேர்ந்தாள், அது நிலையாதென்று அறிந்தே.