மேலதிகாரியின் கோபமும் நமது மௌனமும்

சென்ற ஆண்டு ரமலானுக்கு முந்தைய வாரம், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து சலாம் கூறி அருகில் அமர்ந்தார். நல்ல நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிபவர். முகம் வாடியிருந்தது.

"ஹஜ்ரத், நாளைக்கு ராஜினாமா கொடுக்கப் போறேன். எங்க டைரக்டர்கிட்ட இனி ஒருநாள்கூட என்னால வேலை பார்க்க முடியாது" என்றார்.

அவர் அடுக்கிய குறைகளைக் கேட்கக் கேட்க எனக்கு வியப்பே ஏற்படவில்லை. காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் கூறுவது, பலர் முன்னிலையில் ஏசுவது, தமது மறதிக்குக் கீழே உள்ளவரைப் பொறுப்பாக்குவது ஆகிய எல்லாவற்றையும் நானும் அனுபவித்தவன். மதரஸாவுக்கு வருமுன் ஏழு ஆண்டுகள் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். அந்தக் கதையை அன்று அவரிடம் கூறினேன். அத்தகைய மேலதிகாரிகளிடம் பணிபுரிவோர் நம் வீடுகள் பலவற்றிலும் இருப்பதால் இங்கும் எழுதுகிறேன்.

பெரியமேட்டு அலுவலகம்

அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். அத்தாவின் கடன்களை அடைக்க வேண்டியிருந்ததால் 2003ஆம் ஆண்டில் சென்னை பெரியமேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிற்சாலை இராணிப்பேட்டையில், ஏற்றுமதிக்கான தாள்கள் யாவும் தயாராவது எங்கள் அலுவலகத்தில்.

அங்கே பொது மேலாளராக இருந்தவர் தொழிலில் கரை கண்டவர். தோலைக் கையால் தடவியே அதன் தரத்தைக் கூறிவிடுவார். ஆனால் அவரது அறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஏச ஆரம்பித்தால் வயது, அனுபவம் எதையும் பார்க்க மாட்டார். நாங்களும் சும்மா இருந்ததில்லை. தேநீர்க் கடையில் அவரைப் பற்றிப் பேசாத நாளில்லை. அது புறம் பேசுதல் என்பதை ஓதிப் படித்த நானே மறந்திருந்தேன்.

2005ஆம் ஆண்டில் ஒரு நிகழ்ச்சி. வெளிநாட்டு வியாபாரத்தில் 'எல்.சி.' எனப்படும் வங்கி உறுதிக் கடிதம் முக்கியமானது. வாங்குபவரின் வங்கி, "இன்னின்ன தாள்களை இன்ன தேதிக்குள் கொடுத்தால் பணம் தருகிறேன்" என உறுதி கூறும். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. தாள்களை மட்டுமே பார்க்கும். பட்டியலில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். நானோ பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்துத் தட்டச்சு செய்ததில், வெள்ளாட்டுத்தோல் என்றிருக்க வேண்டிய இடத்தில் செம்மறியாட்டுத்தோல் என்று அடித்துவிட்டேன். தாள்கள் அனுப்பப்படும் நாளின் மாலையில்தான் அது கண்ணில் பட்டது.

பத்து நிமிட வேலை. திருத்தி, மேலாளரிடம் புதிய கையொப்பம் வாங்கினால் போதும். ஆனால் அன்று காலையிலிருந்தே அவர் சீறிக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் நுழைய எனக்குத் துணிவு வரவில்லை. வங்கிக்காரர் கவனிக்க மாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உறையை ஒட்டினேன். அவர்கள் கவனித்தார்கள். பணம் வர மூன்று வாரம் தாமதமாயிற்று. சரக்குக்காக வாங்கிய வங்கிக் கடனுக்கு அந்த மூன்று வாரத்திற்கும் வட்டி ஏறியது.

அன்று நான் வாங்கிய ஏச்சைவிட, இரவில் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்விதான் அதிகம் வலித்தது. அவரது கோபம் அவருடைய குற்றம். ஆனால் தெரிந்த பிழையை மறைத்தது யாருடைய குற்றம்?

583 உயிர்கள்

வரலாறு படித்தவன் என்பதால், பின்னாளில் படித்த ஒரு விபத்தின் செய்தி என் மனதை விட்டு அகலவில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். புறப்பட்டுக்கொண்டிருந்த டச்சு விமானத்தின் தலைமை விமானி அந்நிறுவனத்தில் பெரும் மதிப்புப் பெற்றவர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சியளித்தவர். விமானம் ஓடத் தொடங்கியபோது, எதிரே உள்ள அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என உடனிருந்த பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திக் கூறினார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது.

அவ்விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு: மூடுபனி, வானொலியில் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சை மறைத்தது, விமானிகளின் அவசரம். ஆயினும் மூத்தவரிடம் இளையவர் தம் ஐயத்தை வற்புறுத்திக் கூறத் தயங்கியதும் ஒன்று என்பதை உலகம் உணர்ந்தது. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. அதன்பின், மூத்த விமானி கேட்கவும் இளையவர் எடுத்துக் கூறவும் பயிற்சியளிக்கும் முறை விமானத் துறையில் பரவியது.

கவனியுங்கள்: பயிற்சி இருவருக்கும் தரப்பட்டது.

நான் மாற்றிக்கொண்டவை

மேலாளரை மாற்ற என்னால் இயலாது. என் நடைமுறையை மாற்றிக்கொண்டேன். முதலாவதாக, ஒரு சிறிய குறிப்பேடு வாங்கினேன். அவர் வாய்மொழியாக இடும் கட்டளையை எழுதிக்கொண்டு, "சார், இப்படிப் புரிஞ்சிக்கிட்டேன், சரிதானா?" என்று அங்கேயே படித்துக் காட்டுவேன். தொடக்கத்தில் எரிச்சலடைந்தார். பின்னர் அவரே, "எழுதிக்கிட்டியா?" என்று கேட்கலானார். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்தது. ஆனால் அக்குறிப்பேட்டை அவரை மடக்குவதற்கு ஒருபோதும் பயன்படுத்தவில்லை. ஒருமுறை பயன்படுத்தியிருந்தாலும் அதன் பயன் அத்தோடு போயிருக்கும்.

இரண்டாவதாக, கெட்ட செய்தியை அன்றே, தனிமையில், அதற்கான பரிகாரத்தோடு சேர்த்துக் கூறினேன். காலையில் அலுவலகம் நிறையுமுன் அவர் தேநீர் அருந்தும் கால் மணி நேரமே அதற்கு ஏற்றதெனக் கண்டுகொண்டேன். பிறர் முன்னிலையில் அவர் ஏசினால் மறுமொழி கூறுவதில்லை. மறுநாள் காலை, "நேற்று நடந்தது இதுதான் சார்" என்று இரண்டு வாக்கியத்தில் கூறுவேன்.

மூன்றாவதாக, தேநீர்க் கடைப் பேச்சை நிறுத்தினேன். அதுதான் கடினமாக இருந்தது. நண்பர்கள் என்னை மேலாளரின் ஆள் என்றுகூடக் கேலி செய்தனர்.

திருக்குறளில் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று 70ஆம் அதிகாரம் உண்டு. குளிர்காய்பவர் தீயிடம் வைக்கும் இடைவெளியை அதிகாரமுடையவரிடமும் வைக்குமாறு அதில் வள்ளுவர் அறிவுறுத்துகிறார். மாணவனாக மனப்பாடம் செய்தபோது புரியாத அந்த அறிவுரை பெரியமேட்டில்தான் எனக்குப் புரிந்தது.

கப்பல் தவறிய நாள்

2007 நவம்பரில் உண்மையான சோதனை வந்தது. மழையினால் தோல் காயாமல் வேலை தாமதமானது. எல்.சி.யில் குறித்த கடைசி நாள் கழிந்து நான்கு நாட்களுக்குப் பின்னரே சரக்கு கப்பலேறியது. மாலையில் மேலாளர் என்னை அழைத்து, கப்பல் முகவரிடம் சென்று சரக்குச் சீட்டில் நான்கு நாள் முந்தைய தேதியைப் போட்டு வாங்கி வரும்படி கூறினார். சாதாரணமாக, தேநீர் வாங்கி வரச் சொல்வதுபோலக் கூறினார்.

அது பொய்ச் சாட்சி; சட்டப்படி மோசடி. மறுத்தால் வேலை போகலாம். அத்தாவின் கடன் இன்னும் பாதி இருந்தது. மூத்த மகளுக்கு அப்போது ஒரு வயது. "நாளைக் காலையில் சொல்றேன் சார்" என்று மட்டும் கூறிவிட்டு வீடு வந்தேன்.

வீட்டில் அன்று சோற்றில் உப்பில்லை என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவர் அமைதியாக, "ஆபீஸ்ல வாங்கினதை இங்க கொண்டாந்து இறக்காதீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "வேலை போனா என் வளையலை வச்சு ரெண்டு மாசம் ஓட்டலாம். இதை மட்டும் செய்யாதீங்க" என்றார். அந்த ஒரு சொல் எனக்குத் தந்த பலத்தை இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் ஒரே தாளில் இரண்டு வழிகளை எழுதிச் சென்றேன். ஒன்று, தேதியை மாற்றுவது: கப்பல் புறப்பட்ட நாளை எவரும் விசாரித்து அறியலாம், பிடிபட்டால் பணமும் போகும், அந்த வாடிக்கையாளரும் போவார். மற்றொன்று, வாங்குபவரிடம் உண்மையைக் கூறி எல்.சி.யின் தேதியை நீட்டித் தரக் கேட்பது. அதற்கான கடிதத்தையும் தயாராக வைத்திருந்தேன். "சார், முதல் வழிக்கு என்னால் போக முடியாது. ரெண்டாவது வழிக்கு இப்பவே ஓடுறேன்" என்றேன். குரல் நடுங்கியது.

தாளை மேசையில் எறிந்தார். "உன்கிட்ட உபதேசம் கேட்கவா சம்பளம் தர்றோம்?" என்றார். வெளியே வந்து அமர்ந்தேன். அரை மணி கழித்துப் பணியாள் அக்கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கீழே மேலாளரின் கையொப்பம் இருந்தது. நான் கேட்டிருந்த ஏழு நாளை அடித்துப் பத்து நாள் என்று திருத்தியிருந்தார்.

வாங்குபவர் ஒப்புக்கொண்டார், விலையில் சிறிது குறைத்துக்கொண்டார். முதலாளியிடம் மேலாளர் அந்த யோசனையைத் தமது யோசனையாகவே கூறினார். எனக்கு நன்றி கூறவில்லை. அவரது ஏச்சும் நிற்கவில்லை. ஆனால் 2010இல் நான் விலகும்வரை அத்தகைய வேலையை மீண்டும் என்னிடம் சொல்லவேயில்லை.

எதைப் பொறுக்கலாம்?

பொறுமை என்பதற்கும் ஓர் எல்லையுண்டு. கடுஞ்சொல்லையும் மறதியையும் ஓரளவு சமாளிக்கலாம். பொய்க்குக் கையொப்பமிடச் சொன்னால் மறுக்கத்தான் வேண்டும். வேலைக்குச் செல்லும் நம் பெண்களிடம் எவரேனும் வரம்பு மீறினால், "பொறுத்துப் போ" என்று கூறுவது அநீதி. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் இதற்கென உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் பணிபுரிவோர் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். பொதுவாக மூன்று மாதத்திற்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

என் முறை

மாணவரிடம் இவ்வளவையும் கூறியவன், ஒன்றைக் கூறத் தயங்கினேன். பிறகு கூறிவிட்டேன். அதற்கு முந்தைய மாதம், எங்கள் மதரஸாவின் சிறுவன் ஒருவன் இரண்டு வாரமாக வராமலிருந்ததை இளைய உஸ்தாத் என்னிடம் மறைத்திருந்தார். அவனது வீட்டில் நோயும் வறுமையும் இருந்தன. முன்பே தெரிந்திருந்தால் உதவியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலைகுனிந்து, "நீங்க சத்தம் போடுவீங்கன்னு பயந்தேன் ஹஜ்ரத்" என்றார்.

பெரியமேட்டு அறைக் கதவு என் பின்னால் சாத்தியதுபோல் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருமுறைகூட அண்ணலார் தம்மிடம் சலித்துக்கொண்டதில்லை என்று கூறிய செய்தியை எத்தனையோ முறை பாடம் நடத்தியவன் நான்!

மாணவர் அன்று ராஜினாமாக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு சென்றார். ஒரு குறிப்பேடு வாங்கியிருப்பதாகப் பிறகு தொலைபேசியில் கூறினார். டைரக்டர் மாறவில்லையாம். எனினும் இப்போது தம்மால் இரவில் தூங்க முடிகிறது என்றார். நானும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். வியாழக்கிழமை தோறும் இளைய உஸ்தாதிடம், "நான் கேட்கப் பிரியப்படாத செய்தி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்கிறேன். முதல் மூன்று வாரம் இல்லை என்றார். நான்காம் வாரம் ஒன்றைச் சொன்னார். சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டேன். அல்ஹம்துலில்லாஹ்.