நார் அறுத்த விரல்

தம்போயில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் இருக்கும் நண்பர், ஜோகூர் பாருவுக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுபவர். "இவ்வளவு பக்கத்திலிருந்தும் நீங்கள் பார்த்ததில்லையே" என்று வற்புறுத்தி, ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் தன் குழுவோடு அழைத்துப் போனார்.

பசியாறிவிட்டுக் கிளம்பினோம். 1855-இல் தஞ்சோங் புத்ரியாகப் பிறந்து, பின்னர் ஜோகூர் பாரு என்று பெயர் மாறிய ஊர் இது. 1900-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் பள்ளிவாசல், சீனர்களின் ஐந்து மொழிக் குழுக்களும் சேர்ந்து கும்பிடும் ஜாலான் துருஸ் பழைய கோவில், 1919 முதல் விறகடுப்பில் ரொட்டி சுடும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை, கண்ணாடிச் சில்லுகளால் மின்னும் இராஜகாளியம்மன் ஆலயம் என்று வரிசையாகப் பார்த்தோம். ஜாலான் டோபியில் நண்பர் நின்று, "சலவைத் தொழிலாளர்களால் வந்த பெயர்" என்றார். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது.

இராஜமாரியம்மன் ஆலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை. குழு உள்ளே போயிற்று. நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம். ஈர வாழைநாரை ஒரு சுற்று சுற்றி ஓர் இழுப்பு. கண் பூவில் இல்லை, வாசலில் வருவோர் போவோர் மேலேயே இருந்தது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் நார் அறுத்து அறுத்து ஒரு பள்ளம்.

"தோட்டத்துல அம்மா பால்மரம் வெட்டப் போயிருவாங்க தம்பி. லயத்துல பாட்டி கத்துக் குடுத்தது. தோட்டத்த வித்தாங்க, டவுனுக்கு வந்தோம். கையில இருந்தது இது ஒண்ணுதான்" என்றார். இழுப்பு கூடினால் காம்பு ஒடியும், குறைந்தால் சரம் தளரும். நாரை நனைக்காவிட்டால் அறுந்துபோகும். இவ்வளவையும் விரலே பார்த்துக்கொள்கிறது.

சாமந்தி கேமரன் மலையிலிருந்து வருகிறது. மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறது. விடியுமுன் மொட்டுப் பறித்தவளுக்கும் இங்கே முழம் போடுகிறவருக்கும் நடுவில் எத்தனையோ கைகள். ஒவ்வொரு கையும் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. வழியிலேயே மொட்டு விரிந்துவிட்டால் அந்த நட்டம் மட்டும் அக்காவின் தலையில். "மொத்தமா போடுறவங்ககிட்ட திருப்பிக் குடுக்க முடியாது தம்பி." பூவைத் தொடாதவனுக்கு லாபம் உறுதி, விரல் அறுபடுகிறவருக்கு எதுவுமே உறுதியில்லை என்றால் அது வியாபாரமல்ல, அநியாயம். அவர் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராததில் வியப்பென்ன?

உள்ளே அம்மன் கழுத்தில் மாலை நிறைந்திருந்தது. கட்டிடங்கள் நூறாண்டு நிற்கின்றன. கோவிலுக்கு உயிர் கொடுக்கும் இந்த மாலையோ அன்றன்றைக்குக் கட்டப்பட்டு, மறுநாள் காலையில் கழிந்துவிடுகிறது. துணி வெளுத்தவர்களுக்கு ஒரு தெருப்பெயராவது மிஞ்சியது. பூக்கட்டியவர்களுக்கு?

நண்பரிடம் கேட்டுக்கொண்டேன்: அடுத்த குழுவை அந்தக் கடை முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். உங்களிடமும் கேட்கிறேன்: பூ வாங்கும்போது ஒரு வெள்ளிக்காகப் பேரம் பேசாதீர்கள்.